குஞ்சுக் கொட்டகையின் கிழக்குச் சுவர்

தையல் மெஷினை ஜன்னலோரம் போட்டுக்கொண்டவளுக்கு ஊர் வம்பு தானாக வந்து சேரும். நான் வெளிச்சத்துக்காகத்தான் போட்டேன். ஊசியில் நூல் கோக்கவே இப்போதெல்லாம் நாலு தடவை எச்சில் தொட வேண்டியிருக்கிறது. ஜன்னலுக்கு எதிரே பத்தடி தள்ளி வெல்டர் வீட்டுக் குஞ்சுக் கொட்டகை. அதன் கிழக்குச் சுவர்தான் எனக்கு வாய்த்த காட்சி. நடுவில் வேலி கிடையாது, என் துணிக்கொடி மட்டும் உண்டு. அந்தச் சுவரின் விரிசல் ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். அந்த வீட்டில் விழுந்த விரிசலும் எனக்குத் தெரியும் என்றுதான் ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெல்டர் தன் வீட்டு வாசலிலேயே கேட்டும் கிரில்லும் அடிப்பவர். நல்ல உழைப்பாளி, ஆனால் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை பேசிவிடும். அவர் மனைவி, பிறந்து ஒரு நாளே ஆன கோழிக்குஞ்சுகளை வாங்கி ஐந்து வாரம் வளர்த்து வீடுகளுக்குக் கொடுப்பாள். குளிர் ஆரம்பித்தால் அவளை வீட்டில் பார்ப்பது அரிது, எந்நேரமும் கொட்டகையில்தான். அதனால் தெருவில் அவளுக்கு அடைக்கோழி என்று பெயர். பெயர் வைத்தது நான்தான், மறைப்பானேன். வீட்டில் மூன்றாவது ஆள் வெல்டரின் தம்பி சின்னவன். கொத்தனார். சாந்துச் சட்டி சுமந்து சுமந்து இடது தோள் அரை அங்குலம் இறங்கிப்போனவன். அவனுக்குச் சட்டை தைக்கும்போதெல்லாம் அந்த அரை அங்குலத்தை நான் நோட்டில் தனியாகக் குறித்து வைப்பேன்.

போன குளிரில்தான் அந்தக் கஷ்டம் வந்தது. சூறைக்காற்றில் கம்பங்கள் சாய்ந்து மூன்று நாள் கரண்ட் இல்லை. எப்போதும் மேற்கிலிருந்து வரும் காற்று அந்த மூன்று நாளும் திசை தப்பிக் கிழக்கிலிருந்து அடித்தது. கொட்டகையில் நூற்றெண்பது குஞ்சுகள். பல்பு எரியாததால் கரிச்சட்டியை மூட்டி நடுவில் வைத்தார்கள். கரி எரியும் அறைக்கு மூச்சு விட வழி வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கென்றே கிழக்குச் சுவரில் ஒரு சாண் அளவுக்கு ஓட்டை உண்டு, வெளிப்பக்கம் இழுத்து மூடும் தகரத்தோடு. தகரத்தைத் திறந்தே வைப்பது சின்னவன் பொறுப்பு. பக்கத்துச் சாமான் அறையில் படுத்துக்கொண்டு நடுநடுவே எட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு.

விடிந்தபோது ஒரு குஞ்சு மிச்சமில்லை. காயமில்லை, ரத்தமில்லை, தூங்குவது போலக் கிடந்தன. தகரம் மூடியிருந்தது. வெல்டர் வந்து கேட்டதற்குச் சின்னவன், "நான்தான் மூடினேன். குளிருதுன்னு மூடிட்டுத் தூங்கிட்டேன்" என்றான். வெல்டர் அவனை அடித்த அடி என் ஜன்னல் வரை கேட்டது. எப்போதாவது ஒரு கிளாஸ் குடிப்பவன் என்பதால், குடித்துவிட்டுத் தூங்கியிருப்பான் என்று தெரு தீர்ப்பு எழுதிவிட்டது. அதற்குச் சாட்சி நான். வெளுக்கும் நேரத்தில் ஜன்னலைத் திறந்தபோது சின்னவன் அந்தத் தகரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். செய்த தப்பு உறைத்து, பயத்தில் திறக்க வந்தவன் திறக்காமலே நிற்கிறான் என்று எனக்குப் பட்டது. பட்டதைப் பட்டபடி கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். அன்றைக்கே அவன் கொத்துக் கரண்டிப் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். நாலு மணி நேரப் பயணத்தில் ஏதோ ஓர் ஊரில் கட்டட வேலை என்று பிறகு கேள்விப்பட்டோம். அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை.

இந்த வருஷம் முதல் குளிர் விழுந்ததும் வெல்டர் வாசல் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கொட்டகைக்கு ஓர் அடுப்பு கட்ட ஆரம்பித்தார். ராக்கெட் அடுப்பாம். பெயரைக் கேட்டதும் தெருவே சிரித்தது. குஞ்சுகளை வானத்துக்கு அனுப்பப் போகிறாயா என்று நானும் என் பங்குக்குக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. இந்த முறை தீ கொட்டகைக்குள்ளேயே எரியாது என்றார். கொட்டகைக்கு வெளியே, தெற்குச் சுவரை ஒட்டி ஒரு சதுர வாய். அதில் விரல் கனத்துக் குச்சிகளை நிற்க வைத்துக் கொளுத்த வேண்டும். தீ மேலே எழும்பாமல் படுத்து ஓடி, சுவரைத் தாண்டி, உள்ளே நிற்கும் செங்கல் கூண்டில் ஏறும். அந்தக் கூண்டுக்கு மேல் ஓர் எண்ணெய்ப் பீப்பாய் கவிழ்ந்திருக்கும். பீப்பாயில் மோதிய சூடு கீழே இறங்கி, களிமண் மேடைக்குள் புதைத்த குழாய் வழியாக ஓடி, கடைசியில் சுவரைத் துளைத்து வெளியே போகும். மேடை சூடாகிவிட்டால் தீ அணைந்த பிறகும் விடிய விடியக் கதகதப்பு இருக்குமாம். புகைகூட உள்ளேயே எரிந்துபோகுமாம்.

"நெருப்பில்லாம புகையுமான்னு கேட்டிருக்கேன். புகையில்லாம நெருப்பை இப்பதான் கேக்கறேன்" என்றேன்.

"கட்டி முடிச்சதும் வந்து பாருங்க" என்றார் வெல்டர்.

விளையாட்டுக்குக் கட்டியது இல்லை அது. முந்நூறு குஞ்சுகளுக்குச் சொல்லியிருந்தார்கள். குஞ்சு பொரிக்கும் பண்ணைக்காரர் போன வருஷக் கதையைக் கேட்டவர், சந்தேகப் பேர்வழி. தானே வண்டியோடு வந்து கொட்டகைச் சூட்டைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் பெட்டியை இறக்குவேன், இல்லாவிட்டால் இப்படியே திரும்பிவிடுவேன், இனி என் வாசலுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவரை விட்டால் வேறு பண்ணை பக்கத்தில் கிடையாது. அவள் பிழைப்பு அத்தோடு சரி.

அப்படியிருக்க, அடுப்பு எழ எழ அவள் மகிழ்ந்திருக்க வேண்டும். அவள் முகமோ நாளுக்கு நாள் சுண்டிக்கொண்டே வந்தது. நான் கவனித்தேன். மில்லிலிருந்து மரத்தூள் கொண்டுவந்து களிமண்ணோடு மிதித்துக் குழைத்தாள், செங்கல் எடுத்துக் கொடுத்தாள், எல்லாம் செய்தாள். ஆனால் வெல்டர் கிழக்குச் சுவர்ப் பக்கம் போனால் போதும், கையிலிருப்பதைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே போய் நின்றாள். பழைய ஓட்டை இருந்த இடத்தில் உட்பக்கம் எப்போதோ மண் பூசியிருந்தது. வெளியே தகரம் மூடியபடியே துருப்பிடித்திருந்தது. குழாயை அந்த வழியாக விட்டால் சுவரைப் புதிதாக உடைக்க வேண்டாம் என்பது குழந்தைக்கும் தெரியும். அவள் மேற்குச் சுவர்தான் வேண்டும் என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, கிழக்கே டெய்லரக்கா துணி காயப்போடும் இடம், கரி படியும் என்றாள். எனக்குப் பரிந்து பேசுகிறாளாம். என் துணிக்கொடிக்குக் கீழே கோழி எருவைக் குவித்து வைத்து ஆறு வருஷமாக என்னோடு சண்டை போடுகிறவள் அவள்.

இதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று எனக்கு ஏற்கெனவே இருந்தது. பத்து நாள் முன்னால் ஒரு துண்டுச் சீட்டில் அளவு எழுதிக்கொண்டு வந்து, பஞ்சு வைத்த கோட்டு ஒன்று தைத்துத் தரச் சொன்னாள். யாருக்கு என்றேன். தன் கூடப் பிறந்த அண்ணனுக்கு என்றாள். அவள் அண்ணனை எனக்குத் தெரியும், உருண்டையான ஆள், கை குட்டை. சீட்டில் தோள் பத்தொன்பதரை, கை இருபத்தைந்து. இடது தோளை அரை அங்குலம் இறக்க வேண்டும் என்று அடியில் சின்னதாக எழுதியிருந்தாள். அவள் போனதும் நோட்டை எடுத்துப் புரட்டினேன். சின்னவன் பக்கத்தில் அதே எண்கள், வரிசை மாறாமல்.

புருஷன் பேசாத கொழுந்தனுக்கு, புருஷனுக்குத் தெரியாமல், பொய் சொல்லி ஒரு கோட்டு. என் புத்தி எங்கே போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போனது. கோட்டை வெட்டித் தைத்துவிட்டேன், பொத்தான் மட்டும் வைக்காமல் இழுத்தடித்தேன். நாலைந்து தடவை வந்து கேட்டாள். பொத்தான் கிடைக்கவில்லை என்றேன். மேஜை டிராயர் நிறையப் பொத்தான் வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வெல்டர் ஒரு நாள் என் அளவு டேப்பைக் கேட்டு வந்தார். அவருடைய இரும்பு டேப் உடைந்துவிட்டதாம். அடுப்பின் வாயும் உள்ளே ஓடும் பாதையும் குழாயும் ஒரே அளவா என்று பார்க்க வேண்டுமாம்.

"எல்லா எடத்துலயும் ஒரே அகலம் இருக்கணும்க்கா. எங்கயாவது ஒரு எடத்துல குறுகிச்சுன்னா, அங்கதான் மூச்சு அடைக்கும். புகை பூராவும் திரும்பி நம்ம மூஞ்சிக்கே வரும்" என்றார்.

டேப்பைக் கையில் கொடுத்தபடி, ஒன்றும் தெரியாதவள் போல, சின்னவன் எப்படி இருக்கிறான், கோட்டு போடும் அளவுக்கு அங்கே குளிரா என்று கேட்டுவிட்டேன். வாய் தவறி வந்தது என்று அன்று இரவு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தவறி வரவில்லை, நாக்கு நுனியில் பத்து நாளாகக் காத்துக்கொண்டிருந்தது. வெல்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். என்ன கோட்டு என்று கேட்கவில்லை. டேப்பைச் சுருட்டாமல் அப்படியே இழுத்துக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து அந்த முற்றத்தில் இரண்டு பேர் ஒருவரையொருவர் காவல் காத்தார்கள், மூன்றாவது ஆளாக ஜன்னலில் நான். அவள் கொட்டகைக்குள் போனால் அவர் கதவருகே ஏதாவது வேலையை உண்டாக்கிக்கொண்டு நின்றார். அவள் போனை எடுத்தால் இவர் சுத்தியலை நிறுத்தினார். பீப்பாய்க்குப் பழைய பெயிண்ட் போகத் திறந்தவெளியில் வைத்து எரித்தபோது அந்த நாற்றத்தில் நான் துவைத்ததெல்லாம் பாழானது. சண்டை போட வெளியே வந்தேன். இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுத் துணியை அள்ளிக்கொண்டு பேசாமல் உள்ளே போய்விட்டேன்.

அவள் விருப்பப்படியே மேற்குச் சுவர் உடைந்தது. குழாய் அந்த வழியாக வெளியே போனது. குஞ்சு வருவதற்கு ஒரு நாள் இருக்கும்போது, காலைச் சாப்பாடு முடிந்ததும், வெல்டர் காகிதத்தைக் கொளுத்தி வாய்க்குள் போட்டுக் குச்சிகளை நிறுத்தினார். தெருவில் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். தீ பிடித்தது. படுத்து ஓட வேண்டிய தீ, கொஞ்ச தூரம் போய்த் திகைத்து நின்றது. பிறகு அடுப்பு வாயிலிருந்து புகை குபுகுபுவென்று வந்து எல்லோரையும் இருமவைத்தது. கொட்டகைக்குள்ளும் களிமண் இடுக்குகளில் கசிந்தது. ராக்கெட் புறப்பட்டுவிட்டது என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்துக்கொண்டே கலைந்தார்கள்.

வெல்டர் மேற்குப் பக்கம் போய்க் குழாய் முனையில் கையை வைத்தார். காற்று உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. வழக்கமாக மேற்கிலிருந்து வரும் காற்று குழாயின் வாயிலேயே வந்து ஊதினால் புகை எப்படி வெளியே போகும்? இது அவருக்கு முன்னாலேயே தெரியும். அவள் பேச்சைக் கேட்டுத்தான் இங்கே துளைத்தார். தீயைக் கிளறி அணைத்துவிட்டு, கடப்பாரையை எடுத்துக்கொண்டு நேரே கொட்டகைக்குள் போனார். அவள் ஓடிப்போய்க் கிழக்குச் சுவரின் முன்னால் நின்றாள்.

நானும் போனேன். வேடிக்கை பார்க்க இல்லை. எந்தக் கை எப்படி எழும் என்று எனக்குத் தெரியும், எழுப்பிவிட்டது யார் என்றும் தெரியும்.

"இந்தச் செவுத்துல என்ன வெச்சிருக்கே?" என்று கேட்டார் வெல்டர். சத்தமில்லாத குரல், அதுதான் பயமாக இருந்தது.

"ஒண்ணுமில்லீங்க."

"ஒண்ணுமில்லாத செவுருக்கா ஒரு மாசமா காவல் நிக்கிறே? என் தம்பிக்குக் கோட்டு தெக்கிறியாம். எனக்குத் தெரியாம அவன்கூட என்ன பேச்சு ஒனக்கு? அவன் இங்க வந்து போறானா? எதாவது குடுத்து வெச்சிருக்கானா?"

அவள் என்னைப் பார்த்தாள். கோட்டு விஷயம் எங்கிருந்து போனது என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. கோபமில்லாத பார்வைதான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"நாளைக்குக் குஞ்சு வருது. தள்ளு" என்றார் அவர்.

அவள் தள்ளி நின்றாள். இனி தடுத்துப் பயனில்லை என்று விட்டுவிட்டாள் போலும். அவர் கடப்பாரையால் இரண்டு குத்து குத்தினார். மண் பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. கொத்தனார் கை பூசிய பூச்சு இல்லை அது, விரல் தடம் அப்படியே தெரிந்தது. மூன்றாவது குத்தில் கடப்பாரை எதிலோ மெத்தென்று இறங்கியது. அவர் கையை விட்டு இழுத்தார். முதலில் ஒரு நுனி வந்தது, பிறகு முழம் முழமாக, கடைசியில் ஓட்டை அளவுக்கே உருண்டு இறுகிப்போன ஒரு துணி அவர் கையில் இருந்தது. அதற்கு அப்பால் தகரத்தின் உட்பக்கம் தெரிந்தது.

பச்சைக் கட்டம் போட்ட மெத்தைத் துணி. ஓரத்தில் பிரியாமல் இருக்க வளைத்து வளைத்து நான் போடும் தையல். குஞ்சுப் பெட்டிக்கு அடியில் விரிக்க என்று நான்தான் அவளுக்குக் கொடுத்தேன். போன வருஷம், கரிச்சட்டி மூட்டிய அந்தச் சாயங்காலம்.

வெல்டருக்கு அது வெறும் துணி. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தகரத்தையும் மூடி, துணியையும் அடைச்சிருக்கான். படுபாவி" என்றார்.

ஊரிலுள்ள கதையெல்லாம் சொன்ன வாய், உண்மையைச் சொல்ல வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொண்டது. சொன்னால் இவள் கதி என்ன, சொல்லாவிட்டால் அவன் கதி என்ன என்று மனம் இரண்டாகக் கிழிந்தது.

"அது நான் அடைச்சது" என்றாள் அவள்.

வெல்டர் திரும்பினார்.

"காத்து கெழக்கேயிருந்து அடிச்சுது. அந்த ஓட்டை வழியா நேரா குஞ்சுங்க மேல வந்துச்சு. எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி மூலையில நடுங்கிட்டுக் கெடந்துச்சு. கையில அக்கா குடுத்த துணி இருந்துச்சு. கொஞ்ச நேரம் அடைச்சு வெச்சு, சூடு ஏறினதும் எடுத்துடலாம்னுதான் அடைச்சேன். உள்ள வேலையாப் போனேன். மறந்துட்டேங்க."

"காலையில ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள தம்பி, நான்தான் தகரத்த மூடினேன்னு சொல்லிட்டாரு. எனக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு. அவரும் மூடியிருக்காரு, அப்ப நான் அடைக்கலைன்னாலும் இது நடந்திருக்கும்னு நெனச்சேன். அதைப் புடிச்சுக்கிட்டுத்தான் இந்த ஒரு வருஷமும் தூங்கினேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "துணிய எடுத்து எரிச்சுடலாம்னு பத்துத் தடவை வந்தேன். தொடவே முடியல. மேல மண்ணை அப்பிட்டேன். நானும் பாதி பண்ணிட்டு, அவர் மட்டும் அடி வாங்கிட்டுப் போயிட்டாரு. அங்க குளிரு அதிகமாம். அதுக்குத்தான் கோட்டு. நான் அவர்கூடப் பேசக்கூட இல்ல."

வெல்டரின் வலது கை மேலே எழுந்தது. நான் இருவருக்கும் நடுவில் போய் நின்றேன். எழுந்த கை அடிக்கவில்லை. களிமண் அப்பிய அந்தக் கையை அவர் தன் கண் முன்னால் கொண்டுவந்து யாருடையதோ போலப் பார்த்தார். பிறகு களிமண் மேடையில் உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தே சின்னவனுக்குப் போன் போடச் சொன்னார். கோபத்தில் அழித்துவிட்டதால் நம்பர் அவரிடம் இல்லை. அவளிடமும் இல்லை. கோட்டை அனுப்ப அவன் வேலை செய்யும் இடத்தின் விலாசம் மட்டும் விசாரித்து வைத்திருந்தாள். நம்பர் என்னிடம் இருந்தது, அளவு நோட்டில். நானே போட்டு, சத்தமாகக் கேட்கும்படி செய்து மேடை மேல் வைத்தேன்.

சின்னவன் எடுத்ததும், "நான்தான்" என்றார் வெல்டர். அந்தப் பக்கம் சாந்து கலக்கும் மண்வெட்டிச் சத்தம் நின்றது.

"கொட்டகைக்கு அடுப்பு கட்றேன். செவுத்துல குழாய் விடணும். சுத்தி ஓரம் பூசணும். எனக்குப் பூச வராது" என்றார். ஒரு வருஷம் கழித்துப் பேசுகிற பேச்சு இது. அந்த மனிதருக்கு அவ்வளவுதான் தெரியும்.

"எந்தச் செவுரு?"

"கெழக்கு. பழைய ஓட்டை."

அந்தப் பக்கம் மண்வெட்டியைச் சாய்த்து வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு சின்னவன் கேட்டான்: "துணிய எடுத்துட்டியாண்ணே?"

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உள்ள துணி இருந்தது ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றார் வெல்டர்.

"விடியக்காலையில மொதல்ல உள்ள போனது நான்தானே."

"அப்ப தகரத்த எப்ப மூடினே?"

"அதைப் பாத்தப்புறந்தான்."

வெல்டர் போன் பக்கம் குனிந்தார். "ஏண்டா?" என்றார்.

"ஒங் கை எனக்குத் தெரியாதா? எம்மேல விழுந்தா நான் தாங்குவேன்" என்றான் சின்னவன். பிறகு, அதைப் பற்றி இனி பேச்சில்லை என்பது போல, "சிமெண்ட் போட்டுடாதே, சூட்டுக்கு வெடிச்சுடும். களிமண்ணை நல்லாப் புளிக்க வெய்யி. காலையில மொதல் பஸ்ஸுக்கு வரேன். அண்ணி பக்கத்துல இருக்காங்களா?" என்றான்.

ஒரு வருஷமாகப் பிடித்துக்கொண்டிருந்த பாதிப் பழி அவள் கையை விட்டுப் போய்விட்டது. இனி முழுதும் அவளுடையதுதான். கொட்டகைத் தரையில் குந்தி, தலையை முழங்காலுக்குள் புதைத்து அழுதாள். வெல்டர் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அங்கே எனக்கு வேலையில்லை. போனை எடுத்து நானே அணைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வெளுக்கும் நேரத்தில் அந்தத் தகரத்தின் மேல் அவன் கை இருந்ததைப் பார்த்த கண் இதுதான். அவன் மூடிக்கொண்டிருந்தான். திறக்க வந்து நிற்கிறான் என்று நான் ஊர் முழுக்கச் சொன்னேன். அந்த ஒரு வாக்கால்தான் அவன் குடிகாரனானான். எனக்கு வெட்கமாக இருந்தது. டிராயரைத் திறந்து ஐந்து பொத்தான் எடுத்து, மத்தியானத்துக்குள் கோட்டில் வைத்து முடித்து, அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மதியத்துக்கு மேல் வெல்டர் வெளித் தகரத்தைப் பிடுங்கிப் போட்டு, குழாயைக் கிழக்கே திருப்பி, ஓட்டையைச் சுற்றி ஈரக் களிமண்ணைத் தற்காலிகமாக அடைத்து, மறுபடி தீ மூட்டியிருந்தார். உள்ளே ஓர் உறுமல் சத்தம் கேட்டது. குழாய் முனை என் ஜன்னலைப் பார்த்து நின்றது. போய்க் கையை வைத்துப் பார்த்தேன். புகையே இல்லை, வெதுவெதுப்பான ஆவி மட்டும் வந்தது. நாலு குச்சிதான் எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் பண்ணைக்காரர் வருவதற்கு முன்னாலேயே சின்னவன் வந்துவிட்டான். வீட்டுக்குள் என்ன பேசினார்களோ, எனக்குத் தெரியாது. அன்றைக்கு நான் எட்டிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவனே கரண்டியும் களிமண் சட்டியுமாக என் ஜன்னலுக்கு எதிரே வந்தான். கோட்டு அவன் தோளில் சரியாக உட்கார்ந்திருந்தது. குழாயைச் சுற்றிப் பூச ஆரம்பித்தான். நான் மெஷினை மிதிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னிப்பு கேட்க வேண்டும், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

அவன் திரும்பாமலே கேட்டான்: "என்ன டெய்லரக்கா, பாத்துக்கிட்டே இருக்கீங்க. இந்தத் தடவை நான் என்ன பண்றேன்னு சரியாப் பாத்துச் சொல்லுங்க."

"நீ பூசுறேப்பா" என்றேன்.